கடன் அறிக்கையில் பிழையா? எந்தக் கதவைத் தட்டுவது?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வீடு பார்த்தாகிவிட்டது. முன்பணமும் கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் யாருக்கு எந்த அறை என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வங்கியிலிருந்து பதில் வருகிறது, கடன் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று. ஏன் என்று கேட்டால், "உங்கள் பெயர் சிசிரிஸில் இருக்கிறது" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று நமக்கும் தெரிவதில்லை. சிலர் வெட்கப்பட்டு வாய்மூடி வந்துவிடுகிறார்கள். சிலர் கோபப்பட்டுக் கத்திவிட்டு வருகிறார்கள். இன்னும் சிலர், பெயரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லும் யாரோ ஒருவரிடம் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளியைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

இந்த மூன்றும் தேவையில்லை. கடன் அறிக்கையில் உண்மையிலேயே பிழை இருந்தால் அதைத் திருத்தக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்குப் பெரிய படிப்போ வழக்கறிஞரோ வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். கடன் அறிக்கை ஒரு கண்ணாடியைப் போன்றது. முகத்தில் இருக்கும் கறையைக் கண்ணாடியைத் துடைத்துப் போக்க முடியாது. அந்தத் தகவலை அனுப்பியவர் யாரோ, அவரிடம்தான் திருத்தம் தொடங்க வேண்டும். நம்மவர்களின் முயற்சி பெரும்பாலும் வீணாவதற்குக் காரணம், அவர்கள் தட்டும் கதவு தவறான கதவாக இருப்பதுதான்.

கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். பேங்க் நெகாரா ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறது, அதில் பெயர் ஏறிவிட்டால் வாழ்நாள் முழுதும் கடன் கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படிப்பட்ட பட்டியல் எதுவும் இல்லை.

பேங்க் நெகாராவின் கடன் தகவல் பிரிவு 1982ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சிசிரிஸ் என்ற கணினி முறை 2001ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வங்கிகளும் மற்ற நிதி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரங்களை இதற்கு அனுப்புகின்றன. வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு என்று ஏதாவது ஒரு கடன் இருந்தால் உங்கள் பெயர் அதில் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் தவணை கட்டுகிறவரின் பெயரும் அங்கே இருக்கிறது. ஆகவே "பெயர் இருக்கிறது" என்பது குற்றச்சாட்டே அல்ல. அந்தப் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

சிசிரிஸ் அறிக்கையில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, இப்போது நிலுவையில் உள்ள கடன்கள். ஒவ்வொரு கடனுக்கும் நேராக, கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினீர்கள் என்பது எண்களாக இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி. 2 என்றால் இரண்டு மாதப் பாக்கி. இரண்டாவது, சிறப்புக் கவனத்திற்குரிய கணக்குகள். கடன் கட்டுவதில் சிக்கல் ஏற்பட்டு, வங்கி தனியாகக் கண்காணிக்கும் கணக்குகள் இவை. மூன்றாவது, கடன் விண்ணப்பங்கள். கடந்த 12 மாதங்களில் அங்கீகரிக்கப்பட்டவையும் இன்னும் பரிசீலனையில் உள்ளவையும் இந்தப் பகுதியில் வரும்.

சிசிரிஸ் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று சொல்வதும் இல்லை. தகவலைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பது வங்கிதான். ஒரே அறிக்கையைப் பார்த்து ஒரு வங்கி மறுக்கலாம், இன்னொரு வங்கி கொடுக்கலாம்.

இரண்டு அறிக்கைகள், இரண்டு வழிகள்

அடுத்த குழப்பம், சிசிரிஸையும் சிடோஸையும் ஒன்றென்று நினைப்பது. சிசிரிஸ் மத்திய வங்கியினுடையது. சிடோஸ் ஒரு தனியார் நிறுவனம். 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதைப் போல வேறு சில தனியார் கடன் அறிக்கை நிறுவனங்களும் நம் நாட்டில் உள்ளன. இவற்றுக்கென்று 2010ஆம் ஆண்டின் கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நம்மைப் பற்றிய தகவலைப் பார்ப்பதற்கும், பிழையைத் திருத்தும்படி கேட்பதற்கும் இந்தச் சட்டம் வழிவகுக்கிறது.

தனியார் நிறுவனங்களின் அறிக்கையில் வங்கிக் கடன் மட்டும் இருக்காது. நீதிமன்ற வழக்குகள், திவால் விவரங்கள், நிறுவனப் பதிவு விவரங்கள், கைத்தொலைபேசி நிறுவனம் போன்றவர்களுக்கு வைத்த பாக்கி ஆகியவையும் இடம்பெறலாம். சிடோஸ் 300 முதல் 850 வரை மதிப்பெண்ணும் கொடுக்கிறது. சிசிரிஸ் விவரமும் இந்த அறிக்கையிலேயே சேர்த்துத் தரப்படுவதுண்டு.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சிடோஸ் அறிக்கையைக் கையில் வாங்குகிறார்கள். அதில் கார் கடனுக்கு நேராக 3 என்று இருக்கிறது. உடனே சிடோஸ் அலுவலகத்திற்குப் புகார் எழுதுகிறார்கள். அந்த 3 என்ற எண் சிசிரிஸிலிருந்து வந்தது. சிசிரிஸுக்கு அதை அனுப்பியது கார் கடன் கொடுத்த வங்கி. அந்த வங்கி திருத்தாமல் மற்ற இருவராலும் எதுவும் செய்ய முடியாது. பேங்க் நெகாராகூட, வங்கி அனுப்பிய எண்ணைத் தானாக மாற்றி எழுதுவதில்லை.

ஆகவே பிழையைக் கண்டதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை அனுப்பியது யார்?" என்பதுதான். வங்கிக் கடன் விவரமா, வங்கிக்குப் போங்கள். கைத்தொலைபேசிப் பாக்கியா, அந்தத் தொலைபேசி நிறுவனத்திற்குப் போங்கள். பிடிபிடிஎன் கல்விக் கடனா, பிடிபிடிஎன் அலுவலகத்திற்குப் போங்கள். நிறுவன இயக்குநர் பதவியிலிருந்து விலகி ஆண்டுகள் ஆகியும் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறதா, உங்கள் விலகல் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பதிவாகாமல் இருந்தால் மற்ற அறிக்கைகளிலும் நீங்கள் இயக்குநராகவே இருப்பீர்கள். தகவல் மூலத்தில் சரியாக இருந்து, அறிக்கை நிறுவனம் அதைத் தவறாக எடுத்துப் போட்டிருந்தால் மட்டுமே நேரடியாக அந்த நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

சிசிரிஸ் அறிக்கையை இ-சிசிரிஸ் இணையச் சேவை வழியாக இலவசமாகப் பெறலாம். முதல் முறை பதிவு செய்ய வேண்டும். கணினி பழக்கம் இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு செய்யலாம். தனியார் நிறுவனங்களின் விரிவான அறிக்கைக்குக் கட்டணம் உண்டு. இரண்டையும் ஒரு முறையாவது எடுத்துப் பார்த்த பிறகே புகாரைப் பற்றி யோசியுங்கள். அறிக்கையைப் பார்க்காமல், யாரோ சொன்னதைக் கேட்டுப் புகார் எழுதுவது இருட்டில் கல் எறிவதற்குச் சமம்.

எது பிழை, எது பிழையல்ல?

இது சற்றுக் கசப்பான பகுதி. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். அறிக்கையில் இருப்பதெல்லாம் பிழை என்று நாம் நினைக்கிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பிழை என்று நினைத்ததில் சில உண்மையாக இருக்கும். உண்மையை எதிர்த்துப் புகார் செய்தால் வங்கி அதை நிராகரிக்கும். அதோடு கூடவே எழுதிய நியாயமான புகாரின் பலமும் குறைந்துபோகும்.

நம் சமுதாயத்தில் அடிக்கடி நடக்கும் சிலவற்றைப் பார்ப்போம்.

காருக்குத் தவணை கட்ட முடியவில்லை. வங்கி ஆட்கள் வந்து காரை இழுத்துச் சென்றுவிட்டார்கள். "கார் போனது, கடனும் போனது" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அது தவறு. இழுத்துச் சென்ற காரை வங்கி ஏலத்தில் விடுகிறது. ஏலத் தொகை கடனை அடைக்கப் போதவில்லை என்றால் மிச்சத் தொகை நம் பெயரில்தான் நிற்கும். கட்டாமல் விட்டால் அது வழக்காகவும் மாறும். இதற்கு நேராகப் பாக்கி என்று எழுதியிருந்தால் அது பிழையல்ல.

அடுத்தது "சம்போங் பாயார்". காரை நண்பரிடமோ உறவினரிடமோ ஒப்படைத்து, மீதித் தவணையை நீயே கட்டிக்கொள் என்று வாய்வார்த்தையாகப் பேசி முடிப்பது. வங்கியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அவர் கட்டத் தவறினால் பாக்கி உங்கள் பெயரில்தான் ஏறும். தம்பிக்காக, மச்சானுக்காக, கூட வேலை செய்கிறவருக்காகப் பெயர் கொடுத்து வாங்கிய கடனுக்கும் இதே கதிதான். "நான் அந்த மோட்டார் சைக்கிளை ஒரு நாள்கூட ஓட்டவில்லை" என்பது வங்கியிடம் செல்லாது.

மூன்றாவது, கூட்டுக் கடன். கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக் கடன் எடுத்திருப்பார்கள். பிறகு பிரிந்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர் தவணை கட்டத் தவறினால் இருவர் அறிக்கையிலும் பாக்கி தெரியும். மணவிலக்கு ஆணையில் ஒருவர்தான் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாலும், வங்கியோடு செய்த ஒப்பந்தம் அதனால் தானாக மாறிவிடாது. வங்கியோடு பேசி, கடனை ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி.

நான்காவது, சிறு பாக்கி. கடைசித் தவணையைக் கட்டிவிட்டோம், கடன் முடிந்தது என்று நினைக்கிறோம். முன்பு தாமதமாகக் கட்டியதற்கான வட்டி ஒரு முப்பது, நாற்பது வெள்ளி மிச்சம் இருக்கிறது. பயன்படுத்தாமல் அலமாரியில் கிடக்கும் கிரெடிட் கார்டுக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே வருகிறது. தொகை சிறியதுதான். ஆனாலும் கணக்கு மூடப்படாது. இந்த இடத்தில் சண்டை போடுவதைவிட, மிச்சத்தைக் கேட்டு அறிந்து கட்டிவிட்டு, கடன் முழுமையாகத் தீர்ந்தது என்று எழுத்து மூலம் கடிதம் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஐந்தாவது, அவசரம். நேற்றுத்தான் முழுக் கடனையும் அடைத்தோம், இன்று அறிக்கையில் இன்னும் தெரிகிறதே என்று பதறுகிறோம். வங்கி தன் தகவலைப் புதுப்பித்து அனுப்பிய பிறகுதான் அறிக்கை மாறும். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்கலாம்.

சரி, எது உண்மையான பிழை? கட்டிய தவணை வேறொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்திருப்பது பிழை. கடனைத் தீர்த்து, கடிதமும் வாங்கி, பல மாதங்கள் ஆகியும் நிலுவை என்று காட்டுவது பிழை. நீங்கள் வாங்கவே வாங்காத கடன் உங்கள் பெயரில் இருப்பது பெரிய பிழை, அது மோசடியாகவும் இருக்கலாம். வேறொருவரின் வழக்கு உங்கள் பெயரில் காணப்படுவது பிழை. தீர்த்துவைத்த வழக்கு இன்னும் நடப்பது போலத் தெரிவதும் பிழை. இவற்றை விடக்கூடாது.

பெயரால் வரும் குழப்பம்

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. தன் பெயர், ஏ/எல் அல்லது ஏ/பி, தகப்பனார் பெயர், அவ்வளவுதான். முருகன் ஏ/எல் ராமன் என்ற பெயரில் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது சுப்ரமணியம் என்ற ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறோம். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாளக் கார்டில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று.

பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆள் மாறிப்போவது எளிது. 12 இலக்க அடையாளக் கார்டு எண் 1990ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்திய பழைய எண்ணில் பதிவான கணக்குகளும் வழக்குகளும் உண்டு. மூத்தவர்கள் புகார் செய்யும்போது புதிய எண்ணோடு பழைய எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

வேறொருவர் வழக்கு உங்கள் பெயரில் வந்திருந்தால், "அது நான் இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. அறிக்கையில் வழக்கு எண், நீதிமன்றம், வழக்குப் போட்டவர் யார் என்ற விவரங்கள் இருக்கும். வழக்குப் போட்டவரின் வழக்கறிஞர் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, பிரதிவாதியின் அடையாளக் கார்டு எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடச் சொல்லுங்கள். வேறு ஆள் என்று அவர்கள் எழுதித் தரும் ஒரு கடிதம் உங்கள் பத்து தொலைபேசி அழைப்புகளைவிட வலிமையானது. அதை அறிக்கை நிறுவனத்திற்கு அனுப்பித் திருத்தக் கேளுங்கள்.

வழக்கு உங்களுடையதுதான், ஆனால் பணத்தைக் கட்டித் தீர்த்துவிட்டீர்கள் என்றாலும் இதே முறைதான். பணம் கட்டிய ரசீதோடு நின்றுவிடாதீர்கள். வழக்கு தீர்ந்தது என்ற கடிதத்தையோ, வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டதற்கான நீதிமன்றப் பத்திரத்தையோ கேட்டு வாங்குங்கள். பணம் கட்டும் அன்றைக்கே கேட்டால் கொடுப்பார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டால் கோப்பையே தேட வேண்டியிருக்கும். திவால் நிலையிலிருந்து விடுபட்டவர்கள் திவால் இலாகாவிலிருந்து அதற்கான பத்திரத்தைப் பெற்று, அதன் நகலை அனுப்ப வேண்டும்.

வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் தாமதிக்கக் கூடாது. அடையாளக் கார்டு எப்போதாவது தொலைந்ததா, அதன் நகலை யாரிடம் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். போலீசில் புகார் செய்து அதன் நகலோடு வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடன் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள கையெழுத்தும் முகவரியும் வேலையிடமும் யாருடையவை என்று பார்த்தாலே பாதி உண்மை வெளிவரும். தேவைப்பட்டால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம்.

வாய்ப்பேச்சு போதாது

"நான் எத்தனையோ முறை போன் செய்தேன்" என்று பலர் சொல்கிறார்கள். யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில், புகார் எண் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது நிற்கும். முகப்பில் இருக்கும் ஊழியரிடம் நியாயம் கேட்டுச் சத்தம் போடுவதாலும் பயன் இல்லை. அந்த எண்ணை மாற்றும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

கடிதம் எப்படி எழுத வேண்டும்? நம்மவர்கள் பெரும்பாலும், "என் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள், உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று எழுதுகிறார்கள். இதைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன செய்வது என்று விளங்காது. எந்தக் கணக்கு, எந்த மாதம், என்ன எழுதியிருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு என்ன ஆதாரம் என்ற ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும். இதோ ஒரு மாதிரி:

"மேற்கண்ட கணக்கு எண்ணைக் கொண்ட என் கார் கடனுக்கு, சிசிரிஸ் அறிக்கையில் மார்ச் மாதத்திற்கு நேராக 2 என்று உள்ளது. பிப்ரவரி, மார்ச் மாதத் தவணைகளை உரிய தேதிக்குள் கட்டியுள்ளேன். ரசீது நகல்களும் வங்கிக் கணக்கு அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன. அதை 0 என்று திருத்தி அனுப்பி, திருத்தியதை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கத்திற்குள் எழுதிவிடலாம். குடும்பக் கஷ்டம், வட்டி விகிதம், ஊழியரின் மரியாதைக் குறைவு எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டாதீர்கள். அறிக்கையில் இரண்டு வங்கிகளின் பிழைகள் இருந்தால் இரண்டு தனித்தனிக் கடிதங்கள் எழுதுங்கள்.

ரசீதுகளின் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள். நகலை மட்டும் கொடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் அதை அழிக்காதீர்கள். அதன் பின் யார் அழைத்தாலும் தேதி, பெயர், சொன்ன செய்தி மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பட்டறை ரசீதுகளில் சில வகை, சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். பணப் பட்டுவாடா இயந்திரத்தில் வரும் சீட்டும் அப்படித்தான். கட்டிய அன்றே நகல் எடுத்தோ கைத்தொலைபேசியில் படம் பிடித்தோ வைப்பது நல்லது.

காத்திருக்கும்போது செய்யக் கூடாதவை

புகார் கொடுத்த பிறகு சிலர் செய்யும் பெரிய தவறு, கோபத்தில் தவணையை நிறுத்துவது. "முதலில் திருத்தட்டும், பிறகு கட்டுகிறேன்" என்பார்கள். திருத்தம் வருவதற்குள் உண்மையான பாக்கி ஏறிவிடும். நேற்று வரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தது. இன்று அறிக்கையில் இருக்கும் பாக்கி உண்மையாகிவிட்டது. தகராறில் உள்ள தொகை வேறு, மாதத் தவணை வேறு. தவணையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டே தகராறைப் பேச வேண்டும். நீங்கள் வாங்கவே வாங்காத கடன் என்றால் மட்டும் கதை வேறு. அதற்கு ஒரு காசு கட்டும் முன் ஆலோசனை கேளுங்கள்.

இரண்டாவது தவறு, ஒரு வங்கி மறுத்ததும் வரிசையாக நாலைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடுவது. பரிசீலனையில் உள்ள விண்ணப்பங்கள் சிசிரிஸில் தெரியும் என்று முன்பே சொன்னேன். ஒரே மாதத்தில் பல இடங்களில் கடன் கேட்டிருப்பதைப் பார்க்கும் அதிகாரிக்கு, இவர் பணத்திற்கு மிகவும் தட்டுப்பட்டிருக்கிறார் என்றுதான் தோன்றும். பிழை திருந்தும் வரை பொறுத்திருங்கள். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் காலக்கெடு இருந்தால், நிலைமையைச் சொல்லி மேம்பாட்டாளரிடம் அவகாசம் கேளுங்கள்.

மூன்றாவது, வங்கி "திருத்திவிட்டோம்" என்று சொன்னதோடு கோப்பை மூடிவிடுவது. ஓரிரு மாதம் கழித்துப் புதிய அறிக்கையை எடுத்து நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். சிசிரிஸில் திருந்தியது தனியார் அறிக்கையிலும் திருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்"

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்திற்கு வருகிறேன். விளக்குக் கம்பங்களிலும் சமூக ஊடகங்களிலும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். சிசிரிஸ், சிடோஸ் பெயர் நீக்கம், நூறு விழுக்காடு உத்தரவாதம் என்று எழுதியிருக்கும். உள்ளே ஆள் இருக்கிறார் என்றுகூடச் சொல்வார்கள்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதை வைத்தே இதை எடை போட்டுப் பாருங்கள். தகவல் உண்மை என்றால் அதை நீக்க யாராலும் முடியாது. தகவல் பிழை என்றால் அதைத் திருத்தும்படி நீங்களே ஒரு கடிதத்தில் இலவசமாகக் கேட்கலாம். அப்படியானால் அந்த இடைத்தரகர் எதற்குப் பணம் வாங்குகிறார்? சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார்கள். சிலர் உங்கள் பாக்கியைத் தங்கள் பணத்தால் அடைத்து, பிறகு பெரிய கடனாக எடுக்கவைத்து, அதில் பெரும் பங்கைக் கழித்துக்கொள்கிறார்கள். அடையாளக் கார்டு நகல், சம்பளச் சீட்டு, வங்கி இணையக் கணக்கின் கடவுச்சொல் வரை கேட்பவர்களும் உண்டு. அதைக் கொடுத்தால் நாளை நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் வருவதற்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டதாகும். இணையம் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

பாக்கி உண்மைதான், கட்ட வழியில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஏகேபிகே இருக்கிறது. கடன் ஆலோசனை, நிர்வகிப்பு நிறுவனமான இதைப் பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்தது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசி, உங்கள் வருமானத்திற்கு ஏற்றபடி தவணையை மாற்றியமைக்க உதவுவார்கள். அறிக்கையை அழித்துத் தர மாட்டார்கள். ஆனால் அறிக்கையில் எண்கள் மெல்ல மெல்லச் சீராவதற்கு இதுதான் நேர்மையான வழி. சிசிரிஸ் கடந்த 12 மாதங்களைத்தான் காட்டுகிறது. இன்று முதல் ஒழுங்காகக் கட்டினால் பழைய எண்கள் ஒவ்வொரு மாதமும் ஒன்றொன்றாகப் பின்னால் நகர்ந்து மறையும். காலமே செய்யும் அந்த வேலைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பதில் வராவிட்டால்

வங்கிக்கு எழுதிவிட்டீர்கள், பதில் இல்லை. அல்லது பதில் நியாயமாக இல்லை. முதலில் அதே வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வங்கியிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. அதற்குப் பிறகும் தீராவிட்டால் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவான பிஎன்எம்லிங்க்கை நாடலாம். முன்பு எழுதிய கடிதங்களின் நகல்களைக் கொண்டு போனால்தான் அங்கே வேலை நடக்கும்.

வங்கியின் தவறால் உங்களுக்குப் பண இழப்பு ஏற்பட்டு, அது தகராறாக மாறினால், நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை இருக்கிறது. எஃப்எம்ஓஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு அமைப்புகள் இணைந்து 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. வங்கியிடம் முதலில் முறையிட்டு, அதன் இறுதி முடிவைப் பெற்ற பிறகே இங்கே வர வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள். கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. இந்த அமைப்புகள் எதுவும் உங்களுக்குக் கடன் வாங்கித் தராது. தனியார் கடன் அறிக்கை நிறுவனம் திருத்த மறுத்தால், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பதிவதிகாரியிடம் முறையிடலாம்.

நேயர்களே, நம் வீடுகளில் கடனைப் பற்றிப் பிள்ளைகள் முன் பேசுவதில்லை. கடன் மறுக்கப்பட்டால் அதை அக்கம்பக்கத்தில் சொல்வதும் இல்லை. இந்த மௌனத்தால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். முதல் வேலையில் சேர்ந்திருக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்களுக்கு முதலில் இந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். கார் வாங்கப் போகும் முன், வீடு பார்க்கப் போகும் முன், ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். முன்பணம் கட்டிய பிறகு கண்டுபிடிக்கும் பிழை ஒரு வீட்டையே கைநழுவச் செய்யும். ஆறு மாதம் முன்னதாகக் கண்டுபிடித்தால் அதே பிழை ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும்.